எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர்

ஓமான் பாலைவன கேம்ப்
9.3.2008

அன்புள்ள அக்னஸுக்கு,

மாதா தயவுல நான் சுகம். நீயும் பாப்பா வெனிலாவும் சுகம்னு பதில் வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும். போன்ல உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோவுது. அதான் எழுதறேன்.

நான் பார்த்துக்கற எண்ணெய்க் கிணறுங்க சரியில்ல. வந்த புதுசுல குழாயைத் தொறந்தா கறுப்பா, கெட்டியா வரும். இப்ப முக்கால்வாசி உப்புத்தண்ணி. தண்ணியை உள்ள தள்ளித்தான் மிச்ச எண்ணெயை மேல கொண்டாறாங்க. "இன்னும் எத்தனை வருஷம் வரும் சார்?"னு இன்ஜினியரைக் கேட்டேன். "உனக்குச் சம்பளம் வருதில்ல? அப்புறம் என்ன?"ன்னு சிரிச்சார். சிரிச்ச மனுஷன் அந்த வாரமே குடும்பத்தை ஊருக்கு அனுப்பிட்டார்.

இந்த எண்ணெயும் நம்ம ஊர்ல கல்லாப் போய்க் கெடக்கற பழங்கால மரம் மாதிரிதானாம். எந்தக் காலத்துலயோ உசுரோட இருந்தது. எடுத்தா எடுத்ததுதான், திரும்ப முளைக்காது.

எனக்குப் பயம் பாப்பாவை நெனச்சு. மாசா மாசம் அவளுக்கு ரத்தம் ஏத்தியாவணும். உன் தம்பி இருதயராஜ் வேன்ல விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறான், சரி. அந்த வேனுக்கு டீசல் கிடைக்காத நாள் ஒண்ணு வந்தா? இப்பவே ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் பார்த்துப் போயிடு. நடந்து போற தூரம் இருக்கணும்.

பாப்பாவுக்கு முத்தம்.
உன் சகாயராஜ்

*

திருவக்கரை
2.4.2008

வெனிலா அப்பாவுக்கு அக்னஸ் எழுதறது.

ஈஸ்டருக்கு நீங்க அனுப்பின துணியில பாப்பாவுக்கு கவுன் தைச்சேன். கோயில்ல எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. இந்தத் தரம் ரத்தம் ஏத்தினதும் கன்னம் நல்லா சிவந்துடுச்சு. ஓடி ஆடுறா.

சுகமான்னு ஒரு வரி கேட்டுட்டு, மீதி கடிதாசி பூரா டீசல் தீந்துடும்னு எழுதி வச்சிருக்கீங்க. கல்குவாரி லாரிங்க நிக்காம ஓடிக்கினு இருக்கு. வீட்டு ஓடே அதிருது. இதுல எங்கங்க தீரப்போவுது? பால்வாடி ஆயா வேலையை நான் எத்தனை பேர் கிட்ட கெஞ்சி வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியாதா? அதை விட்டுட்டு முகம் தெரியாத ஊர்ல போய் உக்கார முடியுமா?

தனியா மணலையே பார்த்துக்கினு இருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும். பயமா இருந்தா நீங்க வந்துடுங்க. பயத்தை மட்டும் கவர்ல போட்டு அனுப்பாதீங்க.

கோவத்துல எழுதல. வேளைக்குச் சாப்பிடுங்க.
அக்னஸ்

*

விழுப்புரம் ஆஸ்பத்திரி
20.7.2008

என்னங்க,

பாப்பா நல்லா இருக்கா. முதல்ல அதைப் படிச்சுட்டு மீதியைப் படிங்க.

ஒரு வாரமா எந்த பங்க்லயும் டீசல் இல்ல. எங்க பார்த்தாலும் 'ஸ்டாக் இல்லை' போர்டுதான். பாப்பாவுக்கு ரத்தம் ஏத்தற நாளும் தாண்டிப் போச்சு. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு தம்பி கேனைத் தூக்கிக்கினு அலைஞ்சான். பாதி பஸ் ஓடல. வந்த பஸ்ஸுலயும் படிக்கட்டு வரைக்கும் ஜனம். வியாழக்கிழமை காலையில பாப்பாவால எழுந்து உக்கார முடியல. உதடு வெளுத்து, மூச்சு மேல வாங்குது.

இருந்த டீசல்ல கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு பங்க் கிட்ட வண்டி நின்னுடுச்சு. அங்க ஒரே லாரியா நிக்குது, கேனை வச்சுக்கினு அடிதடி. நான் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கினு ஒவ்வொரு லாரியா கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் முகத்தைக் கூட பாக்கல. அவங்களுக்கும் பயம்.

கிருஷ்ணசாமின்னு ஒரு டிரைவர் மட்டும் இறங்கி வந்தார். "எங்கம்மா இட்டுகினு போற?"ன்னார். சொன்னேன். பாப்பா கீழ் இமையை இழுத்துப் பார்த்துட்டு, "ரத்தமே இல்லியே!"ன்னு சொல்லி, கிளீனரை ட்யூப் எடுக்கச் சொன்னார். "அண்ணே, கொடுத்துட்டா நம்ம வண்டி மெட்ராஸ் போய்ச் சேராதுண்ணே"ன்னு அவன் அழாத குறை. "ஜல்தி எடுடா"ன்னுட்டு, லாரி டேங்க்ல ட்யூபை விட்டு அவரே வாய் வச்சு உறிஞ்சு, துப்பிட்டு, கேன்ல பிடிச்சுக் கொடுத்தார். காசு கொடுத்தா வாங்கல.

இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா இதயம் தாங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

நீங்க சொன்னப்ப நான் சிரிச்சேங்க. இப்ப ரோட்டுல ஒரு வண்டி சத்தம் நின்னாலே ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் பாக்கறேன். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல ரூம் பார்த்துட்டேன். பால்வாடி வேலைக்கு இனிமே வரலன்னு தம்பி கிட்ட எழுதிக் கொடுத்தனுப்பிட்டேன்.

நீங்களும் வந்துடுங்க.
அக்னஸ்

*

ஓமான்
14.8.2008

அன்புள்ள அக்னஸ்,

உன் கடிதாசி கிடைச்சுது. அந்த கிருஷ்ணசாமி எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

வரத்தான் நெனச்சேன். இங்க எங்க பக்கத்துக் கிணறுங்களை ஒவ்வொண்ணா மூடுறாங்க. பாதி ஆளுங்களுக்கு ஊருக்கு டிக்கெட் கொடுத்து அனுப்பிட்டாங்க. என்னை மட்டும் பாலைவனத்துல இன்னும் உள்ள, புதுசா கிணறு துளை போடற இடத்துக்கு வரியான்னு கேக்கறாங்க. ரெண்டு வருஷம் லீவு கிடையாது. விஷ வாயு வர்ற இடம். மாஸ்க் மாட்டிக்கினு வேலை செய்யணும். போன் எடுக்காது, கடிதாசி எப்பவாவது வரும்.

எனக்குப் பயமா இருக்கு. ஆனா ரத்தம் ஏத்த ஏத்த பாப்பா உடம்புல சேர்ற இரும்பை எடுக்க அந்த விலை ஒசந்த மாத்திரை வேணும். அதை ஊர்ல என்ன வேலை செஞ்சு வாங்குவேன்? எண்ணெய் நின்னா வண்டி மட்டும் நிக்காது அக்னஸ், மாத்திரையும் நின்னுடும்.

வேணாம்னு நீ ஒரு வார்த்தை எழுது. அடுத்த பிளேன்ல ஏறிடறேன்.
சகாயராஜ்

*

விழுப்புரம்
9.9.2008

என்னங்க,

வேணாம்னு எழுதி, கவரை ஒட்டி, போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டேன். மருந்துக்கடையைத் தாண்டித்தான் போவணும். தாண்ட முடியல. திரும்பி வந்துட்டேன்.

போங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்க. யார் அவசரப்படுத்தினாலும் கழட்டாதீங்க.

நாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போறோம். கேன்டீன்ல எனக்குப் பாத்திரம் கழுவற வேலை கிடைச்சிருக்கு. டீசல் வந்துடுச்சு, ஜனங்க அந்த வாரத்தையே மறந்துட்டாங்க. எனக்கு மறக்கல.

"அப்பா எப்ப வருவாரு?"ன்னு பாப்பா தினம் கேக்கறா. அங்க எண்ணெய் தீந்தா வந்துடுவாருன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுலேர்ந்து சாயங்காலம் கோயிலுக்குப் போனா, எண்ணெய் சீக்கிரம் தீரணும்னு மாதா முன்னாடி சத்தமா ஜெபம் பண்றா. பக்கத்துல முட்டி போட்டுக்கினு, தீரக்கூடாதுன்னு நான் மனசுக்குள்ள கேக்கறேன்.

ரெண்டுல எந்த ஜெபத்தை மாதா காதுல வாங்கிடுவாங்களோன்னு பயமா இருக்குங்க.

உங்க அக்னஸ்