ஸ்பேசருக்குள் நாலு பிரஷ்

பெயிண்டர் ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. வேலைக்குக் கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட குடுங்க, மத்தியானம் உங்க தங்கச்சி வருவா.

இன்ஹேலரைச் செருகுற ஸ்பேசர் குழாயை வீடு பூரா தேடினேன். கடைசியில படிக்கட்டுக்கு அடியில, உள்ள நாலு பிரஷ்ஷோட நிக்குது! கழுவியும் டர்பன்டைன் நாத்தம் போகல, தூக்கிப் போட்டுட்டேன். புதுசு ஜன்னல்கிட்ட இருக்கு.

“பால் புட்டி மாதிரி இருக்கு, கூட வேலை செய்யறவன் சிரிப்பான்”னீங்க. சிரிக்கட்டுமே! இன்ஹேலரை நேரா வாயில அடிச்சா மருந்து பாதிக்கு மேல நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்குது. வாய்ப்புண்ணும் கம்மின குரலும் பின்ன எங்கிருந்து வந்துச்சாம்? குழாய் வழியா நிதானமா இழுத்தா நெஞ்சுக்குப் போகும். அப்புறம் வாய் கொப்பளிங்க.

“நீ என்ன டாக்டரா?”ன்னு கேட்டீங்களே. இல்ல.

இப்படிக்கு,
டாக்டர் இல்லாத பொண்டாட்டி

பி.கு: நேத்து சண்டை நடுவுல இருமல் வந்து உக்காந்துட்டீங்க. அதை நான் ஜெயிச்சதா எடுத்துக்கல. உங்களுக்கு மூச்சு வாங்கினதைப் பார்த்து, என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு. ஒழுங்கா மருந்தை இழுத்துட்டுப் போங்க. சாயங்காலம் மிச்சச் சண்டையைப் போடணும், எதிர்ல ஆள் வேணும்.