வீடுகள் இல்லாத ஊரின் மேல்

அப்பா,

இன்று காலை என் மகன் ஷோகேஸைத் திறந்தான். பீங்கான் யானைக்கும் நான் கல்லூரியில் வாங்கிய கேடயத்துக்கும் நடுவே இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்த அந்தக் கிராபிக்ஸ் கார்டைப் பெட்டியோடு வெளியே எடுத்தான். வெள்ளி நிறக் கவரின் டேப்பை நகத்தால் மெதுவாகப் பிரித்தான். புது சர்க்யூட் போர்டின் வாசனை வந்தது. கொஞ்சம் பெயிண்ட், கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் ஆஸ்பத்திரி. ஒரு நாள்கூட மின்சாரத்தைப் பார்க்காத கார்டு, தன் வாசனையைப் பத்திரமாக வைத்திருந்தது. நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு வந்து நின்றேன்.

பெட்டிக்குள் நூல் கட்டிய ஒரு அட்டைத் துண்டும் இருந்தது, உங்கள் கையெழுத்தில். அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன் நான் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய் வரவேண்டும். அங்கே நான் செய்தது தப்பு என்று யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, உங்களிடம்கூட.

நீங்கள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர். போல்ட்டாக இருந்தாலும் பைப்பாக இருந்தாலும் அளவு பார்க்காமல் உள்ளே விடமாட்டீர்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அம்மாவின் பிரஷர் குக்கர் எல்லாவற்றிலும் ஒரு அட்டை தொங்கும்: என்ன பொருள், எப்போது வந்தது, யார் கொடுத்தது, நிலை என்ன. ஒருநாள் தூங்கி எழுந்தால் தன் கழுத்திலும் ஒன்று தொங்கும் என்று அம்மா சொல்வாள்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் உங்கள் ஷெட்டின் தலைக்கு மேல்தான் எழும்பும். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் கம்பெனி மொத்தமும் அரை நிமிடம் வாயை மூடிக்கொள்ளுமாம். அந்த அரை நிமிடமும் நீங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று உங்களோடு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பீர்கள். "மேலேர்ந்து பார்த்தா நம்ம ஷெட்டு, நம்ம வீடு எல்லாம் எப்படிம்மா தெரியும்?" விமானத்தில் ஏறிய ஆள் யாரும் நம் வீட்டில் இல்லை. அதனால் பதிலும் இல்லை.

ரிடையர் ஆன பிறகு தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில், பென்ஷன் பேப்பர் பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில், யாரோ விமானம் ஓட்டும் கேம் விளையாடுவதைப் பார்த்துவிட்டீர்கள். அதில் மீனம்பாக்கம் ரன்வேயே இருந்தது. அன்று வீட்டுக்கு வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்து அம்மா, லாட்டரி ஏதாவது விழுந்ததா என்று கேட்டாள். அறுபது வயதில் ஒரு மனிதர் கேம் விளையாடுவதற்கென்று கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார் என்பதை எங்கள் காலனி ஜீரணிக்கவே ஒரு மாதம் ஆனது.

அந்த ஒரு மாதமும் நீங்கள் படித்தீர்கள். பழைய பேப்பர் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்து, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினீர்கள். நான் அப்போது சோழிங்கநல்லூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும்: இன்சூரன்ஸ் பாலிசித் திரையில் தப்பான தேதி போட்டால் அது திட்டுகிறதா என்று பார்ப்பது. கம்ப்யூட்டரின் மூடியைக்கூட நான் கழற்றியதில்லை. ஆனால் காலனியில் நான் 'கம்ப்யூட்டர்ல இருக்கிற பொண்ணு'. எதிர் வீட்டு மாமாவின் பிரிண்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவேன். சில நேரம் ஓடும். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரிக் டிரெயினில் ரிச்சி தெருவுக்குப் போனோம். மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. எல்லாப் பாகங்களையும் சொருகும் மதர்போர்டு பழைய ரகம், ஆனால் பட்ஜெட்டுக்குள் வந்தது. திரையில் படத்தை ஓடவைக்கும் கிராபிக்ஸ் கார்டில்தான் நின்றோம். கவுண்டரில் இரண்டு கார்டுகள், கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றில் 256 எம்.பி. மெமரி, இன்னொன்றில் 512. கடைக்காரர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"512 எடுத்துக்கோ மேடம். எல்லாரும் அதான் வாங்கிகினு போறாங்கோ."

நீங்கள் பாக்கெட்டிலிருந்து காலண்டர் தாளை எடுத்தீர்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதில் எத்தனை பிட், அதில் எத்தனை பிட் என்று கேட்டீர்கள். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் தேடி, 512இல் 64, 256இல் 128 என்றார்.

"அப்ப இந்த 256தான்மா எடுக்கணும்," என்றீர்கள். "டேங்க் பெருசா இருந்து என்ன, குழாய் அரை இஞ்ச்சுன்னா?"

எனக்குப் பிட் என்றால் என்னவென்று தெரியும், ஆனால் கார்டில் அது என்ன செய்யும் என்று தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு கல்லூரிப் பையன்கள் நின்றிருந்தார்கள்.

"அப்பா, நான்தானே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறேன்? நீங்க பத்திரிகையைப் பார்த்துச் சொல்றீங்க. 512 பெருசா, 256 பெருசா?"

நீங்கள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "அவ சொல்றதையே குடுத்துடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னீர்கள். திரும்பி வரும்போது டிரெயினில் உங்கள் மடியில் அந்தப் பெட்டி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னவென்று கேட்டதற்கு, "கிராபிக்ஸ் கார்டு சார், பொண்ணு செலக்ட் பண்ணது" என்றீர்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் நீங்கள் மீனம்பாக்கத்தில் ரன்வேயை விட்டு எழும்பியதும் திரை திக்கித் திக்கி நகர்ந்தது. ஊரின் மேல் வரும்போதெல்லாம் நின்றுவிடும். இறக்கை ஓரிடத்தில், சத்தம் வேறிடத்தில். புது மிஷின், பழகினால் சரியாகிவிடும் என்றேன், ஏதோ மாடு வாங்கி வந்ததைப் போல. நீங்களும் தலையாட்டினீர்கள்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆபீஸில் சிஸ்டம்களைப் பராமரிப்பவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். "512ன்னு போட்டு ஏமாத்துவான் மேடம். பிட்டைப் பார்க்கணும்." அதற்கு மேல் அவர் விளக்கியது அனைத்தும் உங்கள் டேங்க், குழாய் கதைதான்: மெமரி டேங்க், பிட் குழாய். அன்று கம்பெனி பஸ்ஸில் மேடவாக்கம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நீங்க சொன்னதுதான் சரி. ஐந்து சொல்கூட இல்லை.

வந்து பார்த்தால் திரையில் விமானம் வழுக்கிக்கொண்டு பறக்கிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். குனிந்து பார்த்தேன். கீழே ஒரு வீடு இல்லை, மரம் இல்லை, மேகம் இல்லை. பழுப்பாக வெறும் தரை, அதில் கோடு கிழித்தாற்போல் ரன்வே. கார்டு இழுக்கக்கூடிய அளவுக்கு எல்லாவற்றையும் செட்டிங்கில் குறைத்து, குறைத்து, கடைசியில் பூஜ்யத்தில் வைத்திருந்தீர்கள்.

"என்னப்பா, ஊரையே காணோம்?"

"வீடெல்லாம் எதுக்கும்மா? ரன்வே தெரிஞ்சா போதாதா?"

மேலேயிருந்து நம் வீடு எப்படித் தெரியும் என்று முப்பது வருடம் கேட்ட மனிதர் சொன்ன பதில் இது. எனக்காகச் சொன்ன பதில் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல், காபி போட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனேன். கோழை அப்பா நான். அன்று மட்டுமல்ல, அதன் பிறகு உங்களோடு இருந்த எல்லா நாட்களும்.

மறு வருடம் கம்பெனி என்னை லண்டனுக்கு அனுப்பியது. காலை ஏழு மணி விமானம். நீங்களும் கூடவே வருவதாகச் சொன்னீர்கள்: அதே ஏழு மணிக்கு வீட்டிலிருந்து, அதே ரன்வேயில் கிளம்பி, அதே வழியில். ஏர்போர்ட் வாசலில் என்னை விட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று அவசரமாக ஆட்டோ ஏறினீர்கள். அப்பாவை வழியனுப்ப வந்த மகளைப் போல நான்தான் கையாட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஜன்னல் சீட். விமானம் திருமுடிவாக்கம் பக்கமாக எழும்பியது. அப்பா, வீடுகள். அத்தனை வீடுகள். மொட்டைமாடி ஒவ்வொன்றிலும் கறுப்புத் தண்ணீர் டேங்க், காயப்போட்ட துணி, வெயிலில் பளிச்சிடும் ஏரி, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகள் வரிசையாக. அதில் ஒன்று உங்கள் ஷெட்டு. நீங்கள் செட்டிங்கில் அணைத்து வைத்த அத்தனையும் எனக்குக் கீழே இருந்தன, நீங்கள் அதே நேரத்தில் தாம்பரத்தில் நம் வீட்டில் உட்கார்ந்து வெறும் தரைக்கு மேல் பறந்துகொண்டிருந்தீர்கள். பக்கத்து சீட் அம்மாள், முதல் தடவையா, பயப்படாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதது பயத்தில் அல்ல என்று அவரிடம் சொல்லவில்லை.

இறங்கியதும் போன் செய்தேன். பம்பாயைத் தாண்டி அரபிக்கடலின் மேல் போகும்போது கரண்ட் போய்விட்டதாகச் சொன்னீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று முதல் நாள் பேப்பரிலேயே வந்திருந்ததாம். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாதவர் அதைப் பார்க்கவில்லை. யூ.பி.எஸ். பத்து நிமிடம் கத்திவிட்டு அடங்கியதாம். இருவரும் சிரித்தோம். பிறகு உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கீழே வீடெல்லாம் தெரிஞ்சுதாம்மா?"

தெரிஞ்சுதுப்பா என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அதற்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கார்டை வாங்கினேன். லண்டனில் ஒரு கடையில் பிட் எத்தனை என்று கேட்டே வாங்கினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பழைய கார்டுக்கு என்ன குறை என்ற பேச்சு வரும். ஊருக்கு வந்து உங்கள் கையில் கொடுத்தேன். வெள்ளிக் கவரைப் பிரிக்காமலே, கார்டைப் போர்டில் சொருகும் ஓரத்துத் தங்கப் பற்களை விரலால் தடவினீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு, "ரொம்ப நல்ல கார்டும்மா" என்றீர்கள். ஷோகேஸில் வைத்தீர்கள்.

அங்கேயே இருந்தது. ஏன் போடவில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். இருக்கட்டும், பார்க்கலாம் என்றீர்கள். எனக்குக் கோபம். ஆசையாக வாங்கி வந்ததைப் பொம்மையோடு பொம்மையாக வைத்துவிட்டாரே, பழைய கணக்கை இப்படித் தீர்த்துக்கொள்கிறாரோ என்று நினைத்தேன். ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். அடுத்த மார்கழியில், நெஞ்சு வலி என்று சொன்ன அன்றே போய்விட்டீர்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருந்தது, இன்று காலை வரை.

இன்று அட்டையைப் படித்தேன். ஸ்டோர் பழக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பொருள்: கிராபிக்ஸ் கார்டு. கொடுத்தவர்: மகள். நிலை: மிக நன்று. கீழே ஒரு வரி: பொருந்தும் போர்டு வந்ததும் போடவும்.

பொருந்தும் போர்டு என்றால் என்ன என்று மகனிடம் கேட்டேன். அவன் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தாவிடம் இருந்தது எந்தக் காலத்து மிஷின் என்று விசாரித்தான். சொன்னேன்.

"அந்தக் காலத்து சீப் போர்டுன்னா கார்டு சொருகற ஸ்லாட் வேறயா இருந்திருக்கும்மா. இதைச் சொருகவே முடியாது. தாத்தாகிட்ட கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்ல?"

கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். விரல் நின்ற இடம் எதுவென்று இப்போது புரிந்தது. இரண்டாவது முறையும் நான் தப்பாக வாங்கி வந்தேன், இரண்டாவது முறையும் நீங்கள் அதை என்னிடம் காட்டவில்லை. மகள் மட்டம் தட்டினால் தாங்கிக்கொள்வீர்கள், மகள் மட்டமாவதைத் தாங்கமாட்டீர்கள். என் கோபத்தையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தீர்களே அப்பா.

மகன் தன் முதல் கம்ப்யூட்டரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் பட்ஜெட் உண்டு, அவன் வைத்திருப்பதும் ஒரு பட்டியல்தான், போனில். போன வாரம் எந்தக் கார்டு என்று என்னிடம் கேட்டான். காலனியில் நான் இப்போது இன்னும் பெரிய 'கம்ப்யூட்டர்ல இருக்கிற' ஆள். "எனக்குத் தெரியாதுடா, நீ படிச்சதைச் சொல்லு, கேக்கறேன்" என்றேன். அரை மணி நேரம் சொன்னான். பாதி புரியவில்லை, அதையும் சொன்னேன். அவன் சொன்னதையே வாங்கினோம். ரிச்சி தெருவில் உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வார்த்தைதான், தெரியாது என்பது. அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

சாயங்காலம் மிஷின் ஓடியது. விமான கேமைத்தான் முதலில் போடச் சொன்னேன். இப்போதெல்லாம் நிஜ ஊரையே அப்படியே காட்டுகிறது. மீனம்பாக்கத்தில் கிளம்பி, திருமுடிவாக்கம் ஷெட்டுகளின் மேல் எழும்பி, தாம்பரம் பக்கம் திருப்பினான். மேகம், மரம் எல்லாம் முழுசாக வைத்திருந்தான். எங்கேயும் திக்கவில்லை. அந்தத் துண்டு அட்டையை நான் கையிலேயே வைத்திருந்தேன்.

அன்று நீங்க சொன்னதுதான் சரிப்பா. கீழே வீடெல்லாம் தெரியுது.