பாம்பு பின்னிய பக்கிள்

அக்கா,

இன்று அருங்காட்சியகத்தில் எங்கள் ஆளைக் கண்டேன். ஆளை என்றால், ஆளின் பெல்ற்றை. கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கிள், நுனித் தகடு, இடையிடையே குத்தியிருந்த சின்னச் சின்ன வெண்கலத் தகடுகள் எல்லாவற்றையும், தோல் இல்லாமலே ஒரு இடுப்பைச் சுற்றிக் கிடப்பதுபோல் வளைத்து வைத்திருந்தார்கள். பக்கத்து அட்டையில் எந்த நூற்றாண்டு, என்ன உலோகம் எல்லாம் எழுதியிருந்தது. மண்ணை முதலில் விலக்கியது உங்கள் கை என்பது மட்டும் இல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காவலாளிக்குக் கேட்கும்படியே தமிழில் ஏசினேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே நாளில் ரேர்மின் என்கிற சந்திப்பு நேரம் கிடைத்து, ஒன்றாக அந்த வயலுக்கு அனுப்பப்பட்டவர்கள் நாம். பிராங்பேர்ட்டுக்கு வெளியே, புது வீடுகள் வரப்போகிற நிலம். கட்டுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறதென்று தோண்டிப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். புல்லுப் பிடுங்கும் வேலை என்று நினைத்துத்தான் போனோம். முதல் மண்டையோட்டைக் கண்டதும் நீங்கள் துள்ளி எழும்பினீர்கள். "இது சுடலையெல்லே! ஒருத்தரும் சொல்லேல்லையே!"

அன்று தொடக்கம் மாலையில் குளிர் தண்ணீர்க் குழாயடியில் தலையை நனைத்த பிறகுதான் பஸ் ஏறுவீர்கள். ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முந்திச் செத்தவர்களுக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு என்று பகிடி பண்ணினேன். "செத்த வீடு செத்த வீடுதான். பழசெண்டால் துடக்கில்லையோ?" என்றீர்கள், தடிமன் பிடித்த மூக்கைச் சிந்திக்கொண்டு.

உங்கள் தம்பியைப் பற்றி அந்த பஸ்ஸில்தான் சொன்னீர்கள். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்து முடித்துவிடுவோம், அவன்ரை ஆத்மா அலையக் கூடாது என்று ஊரிலிருந்து அம்மா அழைக்கும்போதெல்லாம் சொல்லுவா. "செத்தவன் எண்டு ஆர் கண்டது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் தொலைபேசியை வைத்துவிடுவீர்கள்.

இந்த பெல்ற்காரரை எடுத்த நாளில் மழை தூறியது. தூரிகையால் நீங்கள் தட்டத் தட்டப் பச்சை பிடித்த பக்கிள் மேலே வந்தது. அதன்மேல் பாம்புகள் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக் கிடந்தன. "பாரடி, நாகதம்பிரானுக்கு நேந்துவிட்ட ஆள் போல" என்று சிரித்தீர்கள். ஆய்வாளர்ப் பெண் ஓடிவந்து எங்கள் பக்கத்தில் குந்தினாள். தோல் உக்கிப்போய்விட்டது, ஆனால் அந்த மனிதர் கட்டியிருந்தபடியே உலோகம் அந்தந்த இடத்தில் கிடக்கிறது, இவர் யாரென்று இனி இதுதான் சொல்லவேண்டும் என்றாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"இவவிட்டைக் கேள். பித்தளை எண்டாலும் இப்பிடிக் கிடக்குமோ?"

கேட்டேன். எதற்குக் கேட்கிறோம் என்று அறியாத அந்தப் பிள்ளை, "ஓ, நிச்சயமாக! எவ்வளவு காலமும் கிடக்கும்" என்று சந்தோசமாகச் சொன்னாள். தம்பியை நினைத்துத்தான் கேட்டீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கிடக்குமாம், அக்கா."

நீங்கள் அழவில்லை. "இங்கை வந்த புதிசிலை அவனுக்கு ஒரு பெல்ற் அனுப்பினனான். குதிரைத் தலை போட்ட பித்தளைப் பக்கிள். அனுப்பக் கொண்டுபோகேக்கை ரெயில் ஸ்ரேசனிலை என்ரை கையாலை விழுந்து இடக்காது உடைஞ்சு போச்சு. பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அதுதான் கட்டியிருந்தவனாம்." பிறகு என் கையைப் பிடித்தீர்கள். "சொல்லு பாப்பம்."

"குதிரைத் தலை. இடக்காது இல்லை."

"நான் இல்லாத காலத்திலை ஊரிலை ஆரும் தோண்டினால் நீ போய்ச் சொல்லோணும்."

அன்றோடு மனதைத் தேற்றிக்கொண்டீர்கள் என்றே நினைத்தேன். அடுத்த கோடையில், இங்குள்ள ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயிலில், அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் நின்று, தம்பியின் பெயரையும் ரேவதி நட்சத்திரத்தையும் ஐயருக்குச் சொன்னீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்கல்லவா அப்படிச் சொல்லுவது! எனக்குப் பொறுக்கவில்லை. "அண்டைக்குப் பக்கிளைப் பற்றிச் சொன்னியள், அக்கா…" என்று இழுத்தேன்.

உங்களுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "பக்கிள் கிடைச்சால் கிடைக்கட்டும். அதுவரைக்கும் அவன் இருக்கிறான். அதுக்கிடையிலை அவனுக்கொரு காய்ச்சல், தலையிடி வந்தால் ஆர் பாக்கிறது?"

நான் என் தட்டை நீட்டி, என் வீட்டாரின் பெயர்களை மட்டும் சொன்னேன்.

போன மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசியில் அந்தியேட்டி நடந்தது உங்களுக்குத்தான். எவ்வளவு அழுதேன் என்று உங்களுக்குத் தெரியாது. குழாயடியில் நின்று தலையைத் துவட்டுகிற உங்களை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது.

இந்தக் கோடையில் ஊன்ட்றொப் போனேன். என் வீட்டாரின் பெயர்களைச் சொல்லி முடித்ததும் ஐயர் தட்டோடு உள்ளே திரும்பினார். "ஐயா, இன்னும் ஒராள்" என்று கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன், ரேவதி என்றேன். நான் ஒருநாளும் கண்டிராத ஆள்.

"உங்களுக்கு என்ன முறை, பிள்ளை?"

"தம்பி" என்றேன்.