காது குத்திய கிரேக்கப் பையன்கள்

இன்று காலை கணினி மேசையை ஒழிக்கும்போது உன் நோட்டு கையில் சிக்கியது. அட்டையெல்லாம் வறுத்த மல்லாட்டைக் கடலை தின்ற விரல்களின் எண்ணெய்க் கறை. வேலை மேசையில் வைத்துத் தின்னாதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! நீ கேட்டால்தானே.

செங்கம் சாலையில் அந்த மாடி அறையை நாம் பிடித்ததே, இந்த ஊர் ஆசிரமத்துக்கு வந்து தங்கிய வெளிநாட்டுப் பேராசிரியை கொடுத்த வேலைக்காகத்தான். பழைய கிரேக்கப் பளிங்குச் சிலைகளை ஸ்கேன் செய்து அனுப்புவார். செதுக்கியவன் பெயர் எதிலும் இருக்காது. மூக்கு, முடிச்சுருள், காது என்று உளி போன விதத்தை நாம் திரையில் பெரிதாக்கி அளந்து கொடுக்க வேண்டும். அதை வைத்து எந்தெந்தச் சிலை ஒரே சிற்பியின் கை என்று அவர் தேடுவார்.

நீ கீழ்பென்னாத்தூர்க்காரி, காது குத்தாத பிள்ளையைப் பார்த்ததே இல்லை. ஆறு ஆண் சிலைகளில் காதுச் சோணைக்குச் சற்று மேலே ஊசிமுனை அளவு குழியைப் பார்த்ததும், பட்டியலில் ‘காது குத்தியது’ என்று தனிக் கட்டமே போட்டுவிட்டாய்.

“இவனும் மாமன் மடியில ஒக்காந்து அழுதிருப்பான்டி, பாவம்” என்றாய்.

கிரேக்கத்தில் ஏதுடி தாய்மாமன் சீர் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். பேராசிரியை பார்த்தால் மானம் போய்விடும் என்று அந்தக் கட்டத்தையே அழித்து அனுப்பினேன். நீ சண்டைக்கு வரவில்லை. “நீ அழிச்சா மட்டும் அது இல்லேன்னு ஆயிடுமா?” என்று கேட்டுவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டாய்.

அடுத்த மாதம் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை; அந்தக் காய்ச்சலே உன்னைக் கொண்டுபோய்விட்டது. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியாடி போவார்கள்? இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை.

போன வாரம் பேராசிரியை எழுதியிருந்தார். அளவுகள் எதுவும் பொருந்தவில்லை, எதையாவது விட்டுவிட்டீர்களா என்று. எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இன்று உன் நோட்டைப் பிரித்ததும் சுருக்கென்றது. ஆறு காதுகளையும் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறிலும் அதே ஆழம், அதே சாய்வு. காது குத்தவில்லை; காதைச் செதுக்கி முடிக்கும் இடத்தில் துளைப்பானை ஒரு தடவை அழுத்திவிட்டு எடுக்கும் பழக்கம் யாரோ ஒருவனுக்கு இருந்திருக்கிறது.

அனுப்பினேன். ஆறும் ஒரே கை என்றுதான் தோன்றுகிறது, இதைக் கண்டது யார் என்று மதியமே பதில் வந்தது. உன் பெயரை எழுதினேன். அதை அழித்தவள் நான் என்பதையும் எழுதினேன்.

இப்போதெல்லாம் பேருந்தில் எதிரே யார் உட்கார்ந்தாலும் என் கண் முதலில் காதுக்குத்தான் போகிறது. அது நீ விட்டுப்போன பழக்கம். பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவே இல்லை.

நான் அழிச்சது தப்புடி.