பெயர் போடாத கருத்து

ஜூன் 16, திங்கள்
நாவலப்பிட்டியில் விடியலிலிருந்தே மழை. ரயில் தாமதம். நனைந்த செருப்போடு கண்டி ஒபிஸ்.

கொம்பனிக்கு இதுவரை காணாத லாபமாம். கொண்டாட ஆளுக்கொரு துண்டு கிரிபத் பாற்சோறு, தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல். வாயில் சோறு இருக்கும்போதே மனேஜர் சொன்னார், இந்த வருடம் சம்பள உயர்வு இல்லை. பக்கத்துக் கதிரையில் நஸீரா, கம்பளைக்காரி. ஒபிசில் தமிழ் பேசுவது நானும் அவளும்தான். "தின்னுங்க கலா, இதுதான் இன்க்ரிமென்ட்" என்றாள்.

வாங்க: சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.

ஜூன் 17, செவ்வாய்
மழை. குளிசை வாங்கவில்லை.

ஊழியர் மனநிலை அறிய எல்லோருக்கும் மின்னஞ்சல். பெயர் வேண்டாம், விரும்பிய மொழியில் மனம்விட்டு எழுதலாம். என் ஆங்கிலத்துக்குக் கோபப்படத் தெரியாது. தமிழில் கொட்டித் தீர்த்தேன். மாட்டுக்கு மாலை போட்டுவிட்டு வைக்கோலை எடுத்துக்கொண்டீர்கள் என்று. அம்மாவின் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன் என்றும்.

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு ரோல்ஸ், பிளேன்டீ.

ஜூன் 18, புதன்
நஸீராவை மனேஜர் கூப்பிட்டார். வெகுநேரம் உள்ளே. பகல் சாப்பாட்டுக்கு என்னோடு வரவில்லை. வயிற்றுவலியாம்.

ஜூன் 19, வியாழன்
மழை இல்லை, இருட்டு மட்டும். லிஃப்டில் மனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கிற ஆளே இல்லை. "அம்மாவுக்கு இப்போது எப்படி?" என்று சிங்களத்தில் விசாரித்தார். நல்ல சுகம் என்றேன்.

அம்மாவைப் பற்றி ஒபிசில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 20, வெள்ளி
நஸீராவைப் படிக்கட்டில் மறித்தேன்.

"மனேஜர் எதுக்குக் கூப்பிட்டாரு?"

"தமிழ்ல வந்த கருத்த இங்கிலீஷுக்கு மாத்தித் தரட்டாம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாராம், மாட்டுப் பண்ணைக் கத மாதிரி வந்திச்சாம்."

"எத்தன கருத்து?"

"ஒண்டுதான் ஈந்திச்சி."

அது என்னுடையது.

"கோவத்தையெல்லாம் கொறச்சித்தான் நான் மாத்தின, கலா. உம்மாட குளிசைய மட்டும் அப்படியே உட்ட. எரக்கப்படுவாரெண்டு நெனச்ச." அழுதாள். என் கைக்குட்டையை நீட்டினேன்.

மேசைக்குத் திரும்பினால் மின்னஞ்சல். திங்கள் காலை மனேஜரோடு சந்திப்பு. லாப்டொப்பையும் அடையாள அட்டையையும் கொண்டுவரவும்.

வீட்டில் வாசலிலேயே அம்மா. "குளிசை வாங்குனியா?"

"திங்கக்கிழம பாப்போம்மா."