எல்லாம் கேட்டது என்றாய்

நேற்று கறம்பக்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் வறுத்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த வாசனைக்கு நீதான் முதலில் வருகிறாய். பத்தொன்பது வருஷம் ஒரே கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து முந்திரி உடைத்தோம். கொட்டையின் எண்ணெய் பட்டு உன் விரல்கள் கறுத்துக் கிடக்கும். வாய் மட்டும் ஓயாது.

அந்த வாய்தான் கடைசி இரண்டு வருஷத்தில் அடங்கிப்போனது. மறதி நோய் முதலில் பெயர்களை எடுத்தது, பிறகு என்னையும் எடுத்துக்கொண்டது. அப்போதுதான் கீரனூரிலிருந்து உன் மகள் செல்வி வந்தாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று எட்டு வருஷம் நீ முகம் பார்க்காத மகள். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள் அவள்தான். நீயோ, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று அவளையே மரியாதையாகக் கேட்டாய். கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள்.

பிறகு அந்தப் பேச்சும் நின்றது. நான் தினமும் சாயங்காலம் வந்து உன்னிடம் ஊர்க்கதை பேசுவேன். செல்வி படும் பாட்டையும் சொல்வேன். உன் கொழுந்தனார் சிரிப்பார். "சொவத்துக்கிட்ட பேசலாம். அங்கிட்டு ஆளே இல்லயே." எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை செல்வி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "சித்தி, அம்மா பேசுது!"

வந்து பார்த்தால் தலையணையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாய். கண்ணில் பழைய கூர்மை. செல்வியின் கையைப் பிடித்து, "எட்டு வருசம் ஒன்ன அழ வச்சேன். நீ என் மூத்திரத் துணிய அலசுற. மன்னிச்சுக்க ஆத்தா" என்றாய். அவள் உன் மடியில் முகம் புதைத்துக் குலுங்கினாள்.

பிறகு என்னைப் பார்த்தாய். "ஏண்டி, தெனமும் அவ்வளவு பேசுனியே, வாய் வலிக்கல?"

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. பதில் சொல்லத்தான் வழி தெரியல."

வாசலில் கொழுந்தனார் உள்ளே வராமல் நின்றார். "அங்கிட்டே ஏன் நிக்கிறீங்க? வாங்க, இங்கிட்டு ஆள் இருக்கு" என்றாய். அழுதுகொண்டிருந்த செல்வியே சிரித்துவிட்டாள்.

மதியம் மருமகனை வரவழைத்து உன் கையால் ஒரு வாய் சோறு கொடுத்தாய். பிறகு தூங்கினாய். மறுநாள் காலை மூச்சு நின்றது.

சாவுக்கு முன்னால் சிலருக்கு இப்படித் தெளிவு வருவதுண்டு, ஏன் என்று தங்களுக்கும் சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். தெரியாவிட்டால் போகட்டும். உன் வைராக்கியத்தையும் நோயையும் ஒரே காலையில் ஜெயித்துவிட்டுத்தான் போனாய். செல்வியும் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் அழுதோம்.

போன மாதம் குளத்தூரில் உறவுக்காரர் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே பிள்ளைகள் பந்தலுக்கு யாரிடம் சொல்வது என்று பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பேச்செல்லாம் வெளியில வச்சுக்கங்க" என்று அதட்டினேன். வெளியே போனார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் காதருகே குனிந்து, "மாமா, ஒங்க வயல்ல நேத்து நல்ல மழை" என்று ஆரம்பித்தேன்.