ரிஜிஸ்டரில் உனக்கு மேலே என் பெயர்

மச்சான்,

இன்று காலை ஆவடி மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் என் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறவன் நான். ஓரமாக நிறுத்தி, குனிந்து செயினை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் பத்து விரலிலும் கிரீஸ். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். மதியம் நம் கல்லூரியில் எனக்கு ஒரு வேலை இருக்கிற நாளாகப் பார்த்தா அது கழல வேண்டும்?

எண்பதுகளில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் கெமிஸ்ட்ரி, நீ பாட்டனி. ஆபீஸில் கிளார்க் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு முன்பே நீ வந்துவிட்டாய். கோவில்பதாகையிலிருந்து வரும் வழியில் இரண்டு முறை செயின் கழன்று, இரண்டு கையும் கருப்பு. பேனாவைத் தொடவே பயந்து நின்றுகொண்டிருந்தாய். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த நான் உள்ளே நுழைந்ததும், முன்பின் தெரியாத என்னிடம் சொன்னாய்:

"நீங்க போடுங்க சார். என் கையெல்லாம் கிரீஸு. ரிஜிஸ்டர் பாழாப்பூடும். கழுவிகினு வந்துர்றேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். நீ குழாயடிக்குப் போய்த் திரும்பி வந்து எனக்குக் கீழே போட்டாய். ஒரு வாரத்தில் 'சார்' போய் 'மச்சான்' வந்துவிட்டது. அந்தக் காலையைப் பற்றி இருவருமே அதற்குப் பிறகு பேசவில்லை. பேச என்ன இருந்தது?

தொண்ணூறுகளில் கல்லூரி சுற்றுச்சூழல் படிப்பு ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. யாருக்கு அது பொருந்தும் என்பதில் ஸ்டாஃப் ரூமில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கூலிக்கு நாற்று நட்ட வீட்டில் பிறந்தவன் நீ. ஏரியில் எந்த மாதம் தண்ணீர் எந்தக் கல்லைத் தொடும் என்று உனக்குப் படிக்காமலே தெரியும். யாரும் சொல்லாமலே சனிக்கிழமைகளில் மாணவர்களைச் செம்பரம்பாக்கம் வரை இழுத்துக்கொண்டு போய், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரோடு திரும்பி வருவாய். அந்தப் பாட்டில்களைச் சோதித்துக் கொடுக்கிற வேலை மட்டும்தான் என்னுடையது.

இருந்தும் நானும் விண்ணப்பித்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆசைதான், வேறென்ன? தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. கெமிஸ்ட்ரியில் எனக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். அங்கே எனக்கு அது கிடைக்கிற காலத்தில் பல்லே இருந்திருக்காது.

வெளியிலிருந்து வந்தவர்கள் கழிந்து கடைசியில் நாம் இருவர் மட்டும் நின்றோம். முதல் வருடம் என்ன செய்வீர்கள் என்று இருவரையும் கேட்டார்கள். நான் பாடத்திட்டத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன். நீ ஆங்கிலத்தில் அழகாகத்தான் ஆரம்பித்தாயாம். வேகம் வந்ததும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டதாம். "மொதல்ல பசங்கள வெளிய இட்டுகினு போவேன் சார். குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம புக்க படிச்சி இன்னா பண்றது?" பிரின்சிபால் ஃபாதர் பிறகு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு உன்னைப் பிடித்திருந்தது மச்சான், அது எனக்குத் தெரியும்.

மறுநாள் ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கமிட்டியில பாதிப்பேர் உங்களச் சொல்றாங்க, பாதிப்பேர் அவரச் சொல்றாங்க. அப்படின்னா சீனியாரிட்டிதான் பார்க்கணும். ரெண்டு பேரும் ஒரே நாள் சேர்ந்திருக்கீங்க, ஆனா ரிஜிஸ்டர்ல உங்க பேர்தான் மேல இருக்கு. நீங்க ஏதாவது சொல்லணுமா?"

உன் கிரீஸ் கை கண்முன் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. "இல்ல ஃபாதர்" என்றேன்.

பதவி எனக்கென்று ஆன அன்று முதலில் வந்து கைகொடுத்தவன் நீதான். டீக்கடைக்குக் கூட்டிப்போய் போண்டா வாங்கிக் கொடுத்தாய். மறுநாள் என் புது அறைக்குள் வந்தபோது, "சார், சனிக்கிழமைக்கு வண்டி சொல்லணும்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா சார்?" என்றேன். "உள்ள சார். வெளிய போனா மச்சான். பசங்க பாத்துகினு கீறாங்க இல்ல" என்று சிரித்தாய். நீ இருந்தவரை அந்த அறைக்குள் ஒருநாளும் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. அந்தப் படிப்பை நடத்தியது நீ. மேலே கையெழுத்துப் போட்டது நான். அது எனக்குப் பழகிய வேலையாயிற்றே.

உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நானே அந்த ரிஜிஸ்டர் பேச்சை எடுத்தேன். நீ ஆச்சரியப்படவே இல்லை. "நீ சொல்லியிருந்தாலும் உனக்கே குடுத்திருப்பாங்களோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்" என்று என் முழங்காலைத் தட்டினாய். அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"ஆனா சொல்லியிருக்கலாம் மச்சான்."

கோபமே இல்லாமல் சொன்னாய். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

இன்று மதியம் அதே கல்லூரியில், அதே துறைக்குத் தலைவர் தேர்வு. வெளியாள் ஒருவர் வேண்டும் என்று, ஓய்வு பெற்றுவிட்ட என்னை உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் நின்ற இருவரும் உள்ளே வேலை பார்ப்பவர்கள். இரண்டு மணி நேரம் பேசிக் களைத்த பிறகு, இப்போதைய பிரின்சிபால் அம்மா சீனியாரிட்டிப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல அவர் பேர் மேல இருக்கு. முடிச்சிடலாமா? சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

தேய்த்துக் கழுவியும் என் நக இடுக்கில் கருப்பு போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "ஆமா மேடம், சொல்லணும்" என்றேன். செயின் கழன்றது, குழாயடி, ஃபாதர் கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பட்டியலை மடித்து வைத்துவிட்டு, இருவரையும் மறுபடி உள்ளே அழைக்கச் சொன்னார்.

சொல்லிவிட்டேன் மச்சான். உன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். முதலில் உன் பெயர், அப்புறம்தான் என் பெயர்.